பெயர் தெரியாதவருக்கு ஓர் அர்ச்சனை

பானுப்பிரியா தாளைக் கையில் எடுத்ததும் முதலில் திருப்பிப் பார்க்கிறாள். முன்பக்கத்தில் சரஸ்வதியோ பிள்ளையாரோ இருந்தால் தனியே ஒதுக்கிவிடுகிறாள். ரோஜாப்பூ, அருவி, கொழுகொழுக் குழந்தை, பட்டாசுப் பெட்டி லேபிளில் சிரிக்கும் பெண் என்றால் தயக்கமில்லை. கவிழ்த்துப் போட்டு வெள்ளைப் பக்கத்தில் எழுத ஆரம்பித்துவிடுவாள். அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியதும் நிறம் ஒழுங்காக விழும்வரை வீணாகிற தாள்கள் அவை. எங்கள் அச்சகத்தில் அவற்றுக்குப் பஞ்சமே கிடையாது. சாப்பாட்டு மணி அடித்து மற்றவர்கள் தூக்குச்சட்டியைத் திறப்பதற்குள் அவள் சாப்பிட்டு முடித்துக் கையும் கழுவியிருப்பாள்.

"சாமி முதுகுல கணக்குப் போட்டு, அது தப்பா வந்துச்சுன்னா யாரப் போயி வையுறது? அதான் அருவி முதுகுல போடுறேன்" என்பாள்.

நாங்கள் இருவரும் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவர்கள். நான் பழைய ஆள்; அவள் வந்து இரண்டு சீசன் ஆகிறது. இருபத்தெட்டு வயது. ஒடிசலான உடம்பு. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பாள். அவளுடைய பேனா மூடிகள் எல்லாம் பல் பட்டு நசுங்கிக் கிடக்கும். யோசனை வந்துவிட்டால் நடுரோட்டிலும் நின்றுவிடுவாள். லோடு ஏற்றிய லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து, வைதுவிட்டு, ஒதுங்கிப் போவார்கள். "அங்கன போகாது... இங்கன மாட்டுது... இரு, இரு, எங்க ஓடுற?" என்று அவள் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது எதிரே யாரும் இருக்கமாட்டார்கள்.

வேலையில் கெட்டிக்காரி என்று நான் பொய் சொல்லமாட்டேன். போன வருடம் ஒரு மாதக் காலண்டரின் அக்டோபரில் இரண்டு புதன்கிழமைகள் அடுத்தடுத்து வந்து நின்றன. அவள் கண் அந்தக் கட்டங்களின் மேல் போய்த்தான் வந்திருக்கிறது, மனம் போகவில்லை. நல்லவேளை, மிஷினுக்குப் போகும் முன்பு பிடித்துவிட்டார்கள். முதலாளி சீனிவாசகம் மெய்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "ஏம்மா, நாட்டுக்கே ஒரு நாளைக் கூட்டிக் குடுத்துட்டியே!" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "புதன் கெடைச்சாலும் பொன் கெடைக்காதும்பாகளே ஐயா, அதான்" என்று பழமொழியைத் தலைகீழாக்கிச் சொன்னாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கூட்டல் கழித்தலிலும் அப்படித்தான். தெருமுனை டீக்கடை அய்யாதுரைக்கு அவளை வம்புக்கு இழுப்பது ஒரு பொழுதுபோக்கு. "கணக்குப் புள்ள சொல்லட்டும், எல்லாருக்குமா எம்புட்டு ஆச்சு?" என்பார். அவள் விரல்விட்டுக் கூட்டி ஏதோ ஒன்றைச் சொல்வாள். அது சரியாக இருந்ததே இல்லை. "எம்மெஸ்ஸி கணக்காம். டீயையும் வடையையும் சேத்துக் கூட்டத் தெரியல" என்று அவர் ஊருக்கே கேட்கும்படி சொல்வார். "அண்ணாச்சி, நாங்க படிச்சதுல நம்பரே வராது" என்பாள் இவள். அது நகைச்சுவை என்று எண்ணி எல்லோரும் சிரிப்பார்கள். அவள் உண்மையைத்தான் சொல்கிறாள்.

ஒருநாள் எனக்கு விளக்கினாள். சதுரமான ஒரு சங்குசக்கர லேபிளை எடுத்து, மேசையில் அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாள். லேபிளைக் கால் சுற்றுத் திருப்பினாள். கோட்டுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. இன்னும் கால் சுற்று. அப்புறம் கவிழ்த்தாள், அப்போதும் உட்கார்ந்தது. "இப்பிடி எத்தன விதமாத் திருப்புனாலும் பொரட்டுனாலும் அது எடம் மாறாம வந்து உக்காருதுல்ல? அந்தத் திருப்பு எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்தா அது ஒரு குலம்க்கா." குலம் என்பது பாடப்புத்தகத்தில் உள்ள சொல்தானாம். "இதனால என்னத்தா பிரயோசனம்?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அழகா இல்லையாக்கா?" என்றாள். சற்றுக் கழித்து, "இது வெறும் வாசப்படி. உள்ள பெரிய வீடு இருக்கு. நான் சன்னல் வழியா எட்டிப் பாத்ததோட சரி" என்றாள்.

அவள் அப்பா கோட்டைச்சாமி, தாயில்பட்டியிலிருந்து பட்டாசுத் தொழிலாளர்களைக் கம்பெனிக்கு ஏற்றிச்செல்லும் வேன் ஓட்டுகிறார். மகள் என்ன படிக்கிறாள் என்று அவர் முதன்முதலாகக் கேட்டபோது இவள் இந்தக் குலத்தைத்தான் சொல்லியிருக்கிறாள். அவர் வெகுநேரம் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம். "எந்தக் குலம்னு எவனும் கேட்டுறக் கூடாதுன்னுதான் உன்னையக் காலேசுக்கு அனுப்புனேன் தாயி. அங்கனயும் போயி அதையேவா படிக்கணும்?" என்றாராம். இதைச் சொல்லும்போது பானு சிரித்தாள். சிரித்து முடித்தபிறகு பேனா மூடியை எடுத்துக் கடிக்க ஆரம்பித்தாள்.

அவளுக்கு இந்த ஏக்கம் தொற்றிய இடம் எனக்குத் தெரியும், பலமுறை சொல்லியிருக்கிறாள். எம்.எஸ்சி. முதல் வருடக் கோடை விடுமுறையில் வெளிமாநிலத்தில் ஒரு மாதக் கணிதப் பயிற்சிக்குத் தேர்வாகிப் போயிருந்தாள். ரயில் கட்டணம் அவர்களே கொடுத்தார்கள். தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு. "சோறும் போட்டு, டிக்கெட்டும் குடுத்து, கணக்கும் சொல்லிக் குடுத்தாகக்கா. அப்பிடி ஒரு ஊரு இருக்குன்னு எனக்கு அப்பத்தான் தெரியும்." அங்கே டீ குடிக்கும் இடத்திலும் ஒரு கரும்பலகை இருந்ததாம். தலை நரைத்த பேராசிரியர்கள் இரண்டு பேர் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பலகை முன்னால் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம். கடைசியில் ஒருவர் சாக்பீஸை வைத்துவிட்டு, "நான் சொன்னது தப்பு" என்று ஆனந்தமாகச் சொன்னாராம். "தப்புன்னு தெரிஞ்சதுக்கு ஒரு மனுசன் அம்புட்டுச் சந்தோசப்பட்டு நான் பாத்ததே இல்ல" என்பாள் பானு. இந்த இடம் வரும்போது அவள் குரல் எப்போதும் இறங்கிவிடும்.

அந்த ஊருக்கு மறுபடி போவதற்கு வழி என்ன? முனைவர் பட்டத்துக்குச் சேர வேண்டும். சேர்ந்தால் ஐந்து வருடம் சம்பாத்தியம் இல்லாமல் படிக்க வேண்டும். அதற்கு உதவித்தொகை வேண்டும். அரசு நடத்தும் தகுதித் தேர்வை இரண்டு தடவை எழுதினாள். இரண்டு தடவையும் கல்லூரி ஆசிரியராகத் தகுதி கிடைத்தது. உதவித்தொகைக்கு உரிய மதிப்பெண் மயிரிழையில் தவறியது. "பாஸ்தான். ஆனா காசில்லாத பாஸ்" என்பது அவள் அதற்கு வைத்திருக்கும் பெயர். பக்கத்துக் கல்லூரிகளில் பகுதிநேரமாகச் சேரலாம். அங்கே வழிகாட்டிகள் கோட்டுருவங்களில் புள்ளிகளுக்கு எண் போடும் ஆராய்ச்சியைத்தான் பெரும்பாலும் தருவார்களாம்; கட்டணமும் நாமேதான் கட்ட வேண்டும். "அதுவும் கணக்குத்தான், கொற சொல்லல. ஆனா கல்யாணத்துக்குப் பாத்த மாப்பிள்ளைய விட்டுட்டு அவருக்குத் தம்பியக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கும்." கல்விக் கொடை தரும் அறக்கட்டளைகளைத் தேடித்தேடி எழுதினாள். மருத்துவம், பொறியியல், செவிலியர் படிப்பு என்று கேட்டுவந்த விண்ணப்பத் தாள்களில் இவள் படிப்பு எப்போதும் "இதர" என்ற கட்டத்தில் போய் விழுந்தது. இதர என்ற கட்டத்துக்கு யாரும் பதில் போடுவதில்லை.

ஒருமுறை கிடைத்தே விட்டது. அதுதான் அவள் அச்சகத்துக்கு வந்த கதை.

அப்போது அவள் விருதுநகர்ப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தாள். வேலையில் சேர்ந்த அன்றே அவளுடைய அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த ஆடியில், சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் நேர்காணல் நடத்தி அவளைத் தேர்ந்தெடுத்தது. உதவித்தொகையோடு இடம். சேரும் நாளில் அசல் சான்றிதழ்கள் கையில் இருக்க வேண்டும்.

கல்லூரித் தாளாளரிடம் போய்க் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. "நல்ல விசயம்மா. ஆனா செமஸ்டர் நடுவுல போனா பிள்ளைக கதி என்ன? முடிச்சுக் குடுத்துட்டுப் போ. இல்லன்னா மூணு மாசச் சம்பளத்தக் கட்டிட்டு வாங்கிக்க" என்றார். அவளுக்கே சம்பளம் இரண்டு மாதமாக வந்திருக்கவில்லை. மறுநாள் கோட்டைச்சாமி காக்கிச் சட்டையோடு வந்து கல்லூரி வாசலில் நின்றார். காவலாளி உள்ளே விடவில்லை. அவர் சத்தம் போடவும் இல்லை. மகள் மாலையில் வெளியே வரும்வரை வேனுக்குள் உட்கார்ந்திருந்துவிட்டு, அவளை ஏற்றிக்கொண்டு போனார். தாயில்பட்டி எல்லையில் வண்டியை நிறுத்திவிட்டு, "நான் வந்து நின்னதுனாலதான் தரமாட்டேன்னுட்டாகளோ?" என்று மட்டும் கேட்டார்.

சென்னைக்கு எழுதினாள். அவர்கள் அன்பாகப் பதில் எழுதி, இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். அதுவும் கழிந்தது. இடம் இன்னொருவருக்குப் போனது.

"கெடு முடிஞ்ச அன்னிக்கு என்ன செஞ்சத்தா?" என்று கேட்டேன்.

"கிளாசுக்குப் போனேன்."

"என்ன நடத்துன?"

"லாப்லாஸ்னு ஒண்ணு. நல்லாத்தான் நடத்துனேன்க்கா. ஒரு பையன் எந்திரிச்சு, இன்னிக்குத்தான் மேடம் வெளங்குச்சுன்னான்."

அந்த செமஸ்டர் முடிந்த மறுநாள் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு வேலையை விட்டாள். வேறு கல்லூரிகள் கூப்பிட்டன. எல்லா இடத்திலும் அசலைக் கேட்டார்கள். எங்கள் அச்சகத்தில் கண் தெரிகிறதா, தமிழ் எழுதத் தெரிகிறதா என்று மட்டும் கேட்டார்கள். "இங்கன எப்பவும் கெளம்புற மாதிரியே இருக்கலாம்க்கா" என்றாள். அவளை நான் பார்க்கிற நாளிலிருந்து அப்படித்தான் இருக்கிறாள். சாப்பிடுவது, நடப்பது, நாற்காலியின் நுனியில் உட்காருவது எல்லாமே வண்டிக்கு நேரமாகிவிட்டவள் போல.

முதலாளி சீனிவாசகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அச்சகம் போக இரண்டு பட்டாசுக் கம்பெனிகளும் அவர் குடும்பத்துக்கு உண்டு. குடும்ப அறக்கட்டளை மூலம் ஆண்டுதோறும் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவர். இவள் எம்.எஸ்சி. என்பதும், மேலே படிக்கத் தவிக்கிறாள் என்பதும் அவர் காதுக்குப் போய், இந்தத் தை மாதத்தில் ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார். மெய்ப்போடு நானும் போயிருந்தேன்.

"சி.ஏ. படிம்மா" என்றார். "கோச்சிங், பரீட்ச, மெட்ராசுல தங்குறது எல்லாம் என் பொறுப்பு. முடிச்சிட்டு வந்து நம்ம ஆபீசுலயே உக்காரு. உன் கணக்கும் கணக்காச்சு, என் கணக்கும் கணக்காச்சு."

"ஐயா, அது வேற கணக்குங்கய்யா."

"கணக்குல என்னம்மா வேற கணக்கு?" அவர் உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். "சரி, நீ ஆசப்படுறதையே படிக்கிறன்னு வையி. அஞ்சு வருசம் கழிச்சு யாருக்கு என்ன கெடைக்கும்?"

பானு யோசித்தாள். "யாருக்குன்னு தெரியலைங்கய்யா. அது ஏன் அப்பிடி இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோகும்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தாங்கய்யா."

சீனிவாசகம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "டிரஸ்டுல என் கூட நாலு பேரு இருக்காங்க. இத அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" என்றார். அவர் முகத்தில் எரிச்சல் இல்லை. கொடுக்க வந்து கொடுக்க முடியாமல் போனவரின் சங்கடம்தான் இருந்தது.

படியிறங்கும்போது, "மனசு ஆடலையா?" என்று கேட்டேன்.

"ஆடுச்சுக்கா. சரின்னு சொல்லியிருந்தா கொஞ்ச வருசத்துல எங்கம்மாவ வீட்ல உக்கார வச்சிருக்கலாம்ல?" என்றாள். அன்று மதியம் அவள் அருவித் தாள் எதையும் எடுக்கவில்லை. தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு மிஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மா முருகம்மாளைப் பங்குனியில் பார்த்தேன். ஊர் மாரியம்மன் பொங்கலுக்கு என்னை அழைத்திருந்தாள் பானு. முருகம்மாள் கம்பி மத்தாப்பு போடும் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச்சேலை கட்டி, பூ வைத்திருந்தார். ஆனாலும் நகக்கண்களிலும் காது மடிப்பிலும் அலுமினியப் பொடி வெள்ளியாக மினுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு இலை போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"நல்லாச் சாப்பிடுங்க. ஏந்தாயி, இந்தப் படிப்ப முடிச்சா டாக்டர்னு போட்டுக்கிடலாமாம்ல? ஊசி போடுவாளா?"

"இல்லீங்க, இது வேற டாக்டர்."

"அதான பாத்தேன். அவளுக்கு ஊசின்னாலே பயம்." கொஞ்ச நேரம் விசிறினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மொதலாளி குடுக்குறேன்னத வேணாம்னுட்டாளாம்ல? எங்க காதுக்கும் வந்துச்சு. அவ இன்னும் எங்ககிட்டச் சொல்லல, நாங்களும் கேக்கல."

நான் இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"காரியாபட்டியில இருந்து ஒரு எடம் வந்துச்சு. நல்ல குடும்பம். கட்டிக் குடுத்துருவோம்னுதான் இவுக அப்பாவும் சொன்னாக. நாந்தேன் வேணாம்னேன். கண்ணு எங்கயோ இருக்கிற புள்ளைய இன்னொருத்தர் வீட்டுக்கு அனுப்பி என்ன செய்ய? நாங்க தெனமும் வெடிமருந்துக்குள்ள போறோம். சாயங்காலம் வருவோமான்னு யோசிச்சா கால் எடுத்து வைக்க முடியுமா? இவளும் அப்பிடித்தான் போறா. போகட்டும்." சொல்லிவிட்டு என் இலையில் இன்னொரு கரண்டி பருப்பை ஊற்றினார். "எங்கிட்டாவது போயிச் சேந்துட்டாச் சரி."

இந்த வருடம் மறுபடி விண்ணப்பம் போட்டாள். ஒடிசாப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் வைகாசியில் நேர்காணலுக்கு அழைத்தது. போக வரப் பயணக் கட்டணத்தை அவர்களே தருவார்களாம். ரிசர்வேஷன் கிடைக்காமல் பாதி வழி உட்கார்ந்தே போனாள். திரும்பி வந்தவளைச் சுற்றி நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டோம்.

"நாலு பேரு உக்காந்திருந்தாக. முதக் கேள்விக்குப் பதில் சொல்லிட்டேன். ரெண்டாவதுல பாதியில நின்னுட்டேன். தெரியலைன்னு சொன்னேன். இப்ப எங்க வேல பாக்குறீகன்னு ஒரு மேடம் இங்கிலீஷுல கேட்டாக. சிவகாசியில காலண்டருக்குப் புரூஃப் பாக்குறேன்னேன். அவுக சட்டுனு தமிழ்ல, ஏம்மான்னாக. தமிழ் மேடம்தான் போல. நடந்ததச் சொன்னேன். அப்புறம் அந்த மேடம் எந்திரிச்சு, போர்டுல நான் விட்ட எடத்துல கைய வச்சு, இங்கனருந்து திரும்பிப் பாரு அப்பிடின்னாக. பாத்தேன். கொஞ்ச தூரம் போச்சு. முழுசாப் போகல." அந்தக் கொஞ்ச தூரத்தை அவள் எங்களிடம் கையால் அளந்து காட்டினாள். கண்கள் பளபளத்தன.

முடிவு வந்தது. அவள் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இரண்டாவதாக இருந்தது. தேர்வானவர்களில் யாராவது இரண்டு பேர் வேண்டாம் என்று விலகினால் இவளுக்கு இடம்.

அன்றிலிருந்து அவள் நடத்தையில் புதிதாக ஒன்று சேர்ந்தது. முன்பின் தெரியாத யாரோ இரண்டு பேரின் வாழ்க்கையில் அவளுக்கு அளவு கடந்த அக்கறை வந்துவிட்டது. "தேர்வானவுக பட்டியல்ல மொத இருக்கிறவுக ரொம்பக் கெட்டிக்காரவுகளா இருப்பாகல்லக்கா? அவுகளுக்கு அமெரிக்காவுல கெடைச்சிரும்ல?" என்பாள். "அடுத்தவுகளுக்குப் பம்பாய் பிடிக்கும்னு நெனைக்கிறேன்" என்பாள். அவர்கள் ஆணா பெண்ணா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் அவர்களுக்கு எந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளும் என்பது வரை யோசித்து வைத்திருந்தாள்.

ஆடி பிறந்தது. முதல் வெள்ளிக்கிழமை அவளோடு இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குப் போனேன். கூட்டம் நெரித்தது. முறை வந்ததும் அர்ச்சனைத் தட்டை நீட்டினாள்.

"பேரு, நட்சத்திரம்?" என்றார் பூசாரி.

"பேரு தெரியாதுங்க" என்றாள் பானு.

பூசாரி நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கும்மா அர்ச்சன?"

"ரெண்டு பேருக்குங்க. அவுகளுக்கு நல்ல எடத்துல படிக்கக் கெடைக்கணும்."

"சொந்தக்காரங்களா?"

"இல்லீங்க. யாருன்னே தெரியாது."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பூசாரி ஒரு கணம் யோசித்துவிட்டு, "சரி, சாமி பேருக்குப் பண்ணிருவோம். அவளுக்குத் தெரியும்" என்று தட்டை வாங்கிக்கொண்டார். பானு கண்ணை மூடிக்கொண்டாள். உதடுகள் அசைந்தன. வெளியே வந்தபிறகு, "உனக்கும் ஒரு வார்த்த கேட்டியா?" என்றேன். "அது எப்பிடிக்கா? அவுக எந்திரிச்சுப் போக முந்தி நான் போயி உக்காரக் கேக்கக் கூடாதுல்ல?" என்றாள். தேங்காய் முறியை உடைத்துப் பாதியை எனக்குத் தந்தாள்.

நாட்கள் போயின. அச்சகத்தில் அடுத்த வருடத்துக் காலண்டர் வேலை மும்முரமாக நடந்தது. தேர்வானவர்களில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்று நிறுவனத்திலிருந்து ஒரு வரி வந்தது; பானு அன்றைக்கு எல்லோருக்கும் அய்யாதுரை கடையில் டீ வாங்கிக் கொடுத்தாள், கணக்கை அவரே பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அவள் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் கையிலிருக்கும் மெய்ப்பு நழுவிக் கீழே விழும். பெரும்பாலும் அது கடன் தருகிறோம் என்கிற யாரோவாக இருக்கும்.

போன வாரம், வேலை முடிந்து இருவரும் ஏழாயிரம்பண்ணைப் பேருந்தில் வந்துகொண்டிருந்தோம். நான் கடைசி வரை போகிறவள். அவள் தாயில்பட்டியில் இறங்குகிறவள். வெயில் தணியாத சாயங்காலம். சன்னலுக்கு வெளியே கருவேலங்காடும், நடுநடுவே பட்டாசுக் கம்பெனிகளின் தனித்தனி அறைகளும் ஓடின. பானு சன்னலோரம் உட்கார்ந்து தொடையில் விரலால் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

புது எண். எடுத்தாள். அவளுடைய பழைய போனில் எதிர்ப்பக்கம் பேசுவது பக்கத்து ஆளுக்கும் தெளிவாகக் கேட்கும். "பானுப்பிரியாவா? இன்டர்வியூவுல பார்த்தோமே" என்றது ஒரு பெண் குரல். பானு விருட்டென்று எழுந்து நின்றாள். அந்தப் பேராசிரியை எதிரே வந்து நிற்பது போல, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "சொல்லுங்க மேடம்" என்றாள்.

இரண்டாவது ஆளும் விலகிவிட்டார். இடம் இவளுக்கு. ஆனால் ஒரு சிக்கல் என்றார் பேராசிரியை. இந்த அரையாண்டுக்கான உதவித்தொகை எல்லாம் ஒதுக்கி முடிந்துவிட்டது. சனவரியிலிருந்து இவளுக்கு உறுதியாகக் கிடைக்கும். அதுவரை தங்க அறை தருவார்கள், கட்டணம் இருக்காது. கையில் மட்டும் ஒன்றும் வராது.

"அது வரைக்கும் சமாளிக்க முடியுமாம்மா? உடனே சொல்ல வேண்டாம். யோசிச்சு நாளைக்குச் சொல்லு."

"முடியும் மேடம்."

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"முடியும் மேடம். வந்துருவேன் மேடம்."

எதிர்ப்பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. என்றைக்குள் வந்து சேர வேண்டும் என்று சொல்லிவிட்டு, "சரி, வாம்மா" என்று போனை வைத்தார்.

அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஓர் அம்மாள், கூடையை வைத்துவிட்டு, காலியாகக் கிடந்த சன்னலோர இருக்கையையும் இவளையும் மாறிமாறிப் பார்த்தார். "எடந்தான் இருக்குல்ல, உக்காரேந்தாயி" என்றார். பானுவுக்குக் கேட்கவில்லை. நான் அவள் கையைத் தொட்டேன், அதுவும் தெரியவில்லை. பேருந்து குழிகளில் இறங்கி ஏறிப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு நிறுத்தமாக ஆட்கள் இறங்க, முன்னும் பின்னும் இருக்கைகள் காலியாகிக்கொண்டே வந்தன. அவள் ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, எப்போதோ பேச்சு முடிந்துவிட்ட போனை மறுகையால் காதோடு அழுத்தியபடி, நிமிர்ந்து நின்றுகொண்டே வந்தாள்.